பதினாறு டிகிரியில் விறைக்கும் உடல்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. சேலத்துக்கும் அந்தக் கடற்கரைக்கும் நடுவில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தரை கிடக்கிறது. அதனால் நம்மில் பலர் அதைக் கடலோரத்துச் செய்தியாகவே கேட்டுக்கொண்டோம். புயலோ கரையேறிய பிறகும் மணிக்கணக்கில் நகராமல் நின்று, பிறகு வலுக்குறைந்து மெல்ல மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., ஏற்காட்டில் 24 செ.மீ. மழை பதிவானது. ஒரே நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் கொட்டினால் வானிலைத் துறை அதை அதி கனமழை என்று வகைப்படுத்துகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்தது, மரங்கள் சாய்ந்தன, போக்குவரத்து நின்றது.

அது ஒரு வாரக்கடைசி. சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து நடைக் குழுக்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும்தான் மலையேறும் காலம். வெயில் தணிந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் ஓடும், சரிவெல்லாம் பச்சை பிடித்திருக்கும். வங்கியில் வேலை பார்ப்பவர், ஆசிரியர், லாரிப் பட்டறைக்காரர், கல்லூரி மாணவர் என்று பத்துப் பதினைந்து பேர் சனிக்கிழமை விடிகாலை கிளம்பி, ஞாயிறு இரவு வீடு திரும்புவார்கள். வழுக்குப் பாறை, பாம்பு, தேனீ, அட்டை ஆகியவற்றுக்கு இவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். குளிருக்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை. “ஏற்காடு என்ன இமயமலையா?” என்பார்கள். பனியே விழாத நம் மலைகளிலும் மழைநாளில் மனித உடல் குளிர்ந்து செயலிழக்க முடியும். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தடுப்பது மிகச் சுலபம்.

முதலில் மலை செய்யும் வேலையைப் பார்ப்போம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர், அங்குள்ள சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர். தெற்கே நாமக்கல் சமவெளியிலிருந்து கொல்லிமலை ஒரே தூக்காக ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டிருக்கின்றன என்றால் அந்தச் சரிவின் செங்குத்தைப் புரிந்துகொள்ளலாம். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்றுக்கு இந்த மலைகள் குறுக்குச் சுவர். காற்று சுவரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது. விரிவதற்கான ஆற்றல் அதன் வெப்பத்திலிருந்தே போவதால் குளிர்கிறது. மேகமாகும் வரை 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் இந்தக் குளிர்ச்சி நடக்கும். நீராவி துளிகளாக மாறத் தொடங்கியதும், அந்த மாற்றம் வெப்பத்தை வெளிவிடுவதால் குளிரும் வேகம் பாதியாகக் குறைகிறது.

இதை நாமக்கல்லில் வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையில் காற்று 27 டிகிரி. அதிலுள்ள ஈரம் 23 டிகிரியில் பனிக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று கணக்கிட்டால், தரையிலிருந்து 500 மீட்டரில் மேகத்தின் அடித்தட்டு அமைந்துவிடும். கொல்லிமலையின் ஊர்கள் எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கின்றன. கீழிருந்து நாம் மலைமேல் உட்கார்ந்திருக்கும் மேகத்தை ரசிக்கும் அதே நேரத்தில், மேலே நடப்பவர்கள் அந்த மேகத்துக்குள் இருபது அடி தூரம் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே மழைநாளில் சேலத்தில் 24 டிகிரி என்றால் ஏற்காட்டில் சுமார் 16 டிகிரி இருக்கும். தரையோடு உரசி வேகம் இழக்கும் காற்று உயரத்தில் தடையில்லாமல் வீசும். மரமில்லாத முகட்டில் அது இன்னும் கூடும். சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் ஒரு மழைநாளில் நின்றவர்களுக்கு அந்த வாடையின் அடி தெரியும். கீழே சேலம் அஸ்தம்பட்டியில் அதே நேரம் குடை பிடித்துக்கொண்டு நிதானமாகக் கடைக்குப் போகலாம்.

பதினாறு டிகிரி என்பது தனியாகப் பார்த்தால் ஒரு குளிரே இல்லை. குளிர்சாதன அறையில் அந்த அளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அந்த அறையில் இல்லாதவை இரண்டு: நனைந்த துணி, விடாத காற்று. இவை இரண்டும் சேரும்போதுதான் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். மலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட், பனியன் மூன்றையும் சமையலறைத் தராசில் உலர்வாக நிறுங்கள். பிறகு வாளியில் முக்கி எடுத்து, நீர் சொட்டுவது நிற்கும் வரை தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள். அரைக் கிலோவுக்கும் அதிகமான வித்தியாசம் வரும். அத்தனை தண்ணீரைத்தான் மழையில் நாம் உடம்போடு ஒட்டிச் சுமக்கிறோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அரைக் கிலோ நீருக்கு 290 கிலோ கலோரி. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுவதும் ஒரு டிகிரி குளிர 50 கிலோ கலோரி இழந்தால் போதும். அந்த நீர் முழுவதும் உடலின் வெப்பத்தாலேயே ஆவியாகி, இழந்ததை உடல் ஈடுசெய்யாமலும் இருந்தால் வெப்பநிலை ஐந்தரை டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கும். நடைமுறையில் அப்படி முழுதாக நடப்பதில்லை. காற்றிலிருந்தும் கொஞ்சம் வெப்பம் கிடைக்கிறது, உடலும் ஓயாமல் சூடு உண்டாக்குகிறது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் மணிக்கு 70, 80 கிலோ கலோரிதான் உண்டாக்கும். அரைக் கிலோ நீரை உலர்த்தவே அதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரத்து உழைப்பு வேண்டும். மழையோ ஆவியாவதற்கு முன்பே மறுபடி நனைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே கவனமாகப் படிப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். மேகத்துக்குள் காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதம். அதில் துணி எப்படி உலரும்? சந்தேகம் சரியானதுதான். விடை வெப்பநிலையில் இருக்கிறது. பதினைந்து டிகிரிக் காற்று தாங்கக்கூடிய நீராவியைப் போல இரண்டரை மடங்கு நீராவி அழுத்தம் முப்பது டிகிரித் தோலை ஒட்டிய ஈரத் துணியில் இருக்கிறது. அதனால் காற்று தன்னளவில் நிறைந்திருந்தாலும், நம் உடல் சூடாக இருக்கும் வரை துணியிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கூடவே, நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் நம்மைக் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டதும் உடலுக்கும் வெளிக்கும் நடுவில் மறைப்பு எதுவும் இல்லை. பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காற்றைப் பிடித்து வைக்கும். பாலியெஸ்டர் குறைவாகவே உறிஞ்சி விரைவில் உலரும். நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல் ஒரு துணி இல்லை. மழை மலைக்கு அது ஆகாது.

நனைந்த துணியின் இந்த ஆபத்தை மூன்று உயிர்களின் இழப்பு அறிவியலின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைமேட்டில் சாரணர்களுக்காக நடந்த ‘ஃபோர் இன்ஸ்’ நடைப்போட்டியில் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. வெப்பநிலை உறைநிலைக்கு மேல்தான் இருந்தது. உடல் வலுவுள்ள மூன்று இளைஞர்கள் குளிரால் இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியங்கியல் அறிஞராகப் போன கிரிஃபித் பியூ இந்தச் சாவுகளை ஆராய்ந்தார். இறந்தவர்கள் உடுத்தியிருந்ததைப் போன்ற உடைகளை ஆய்வகத்தில் நனைத்து, காற்றில் வைத்துச் சோதித்தார். ஈரமும் காற்றும் சேர்ந்தால் துணி தன் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதும், களைத்துப் போய் நடை தளர்ந்தவர்தான் முதலில் விழுகிறார் என்பதும் அவர் கண்டவை. நடக்கும் கால் ஓர் அடுப்பு. மெதுவாக நடந்தால் அது அணைந்துபோகிறது.

அதற்குப் பிறகும் இதே பாடம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென மழையும் ஆலங்கட்டியும் காற்றும் தாக்கின. மெல்லிய உடையோடு ஓடியவர்களில் 21 பேர் இறந்தார்கள். நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன மலையேற்றக் குழு பனிக்காற்றில் சிக்கி, 9 பேர் உயிரிழந்தார்கள். அந்த இடம் நாலாயிரம் மீட்டருக்கு மேல். நம் மலைகளோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அவர்களும் நம்மைப் போலச் சமவெளியிலிருந்து விடுமுறையில் போன தென்னாட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

கைப்பேசியின் வானிலைச் செயலி இந்த ஆபத்தைச் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். காற்று வீசும்போது எவ்வளவு குளிராக உணர்வோம் என்று சொல்லும் காற்றுக் குளிர்ச்சி அளவீடு என்று ஒன்று உண்டு. அண்டார்க்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் பிளாஸ்டிக் உருளையிலிருந்த நீர் உறையும் நேரத்தை அளந்து 1945-இல் வெளியிட்ட கணக்கு அதற்கு மூலம். 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. அந்தச் சூத்திரம் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் போனால் பொருந்தாது. நனைந்த துணியையும் அது கணக்கில் எடுப்பதில்லை. கடுங்குளிர் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட அளவுகோல் அது. ஏற்காட்டின் பதினாறு டிகிரி மழைக்கு அது எச்சரிக்கை எதுவும் தராது.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போவதை மருத்துவம் உடற்குளிர்வு என்று குறிக்கிறது. ஆரம்பத்தில் கடுமையாக நடுங்கும், பற்கள் கிட்டும். சட்டைப் பொத்தானையோ பையின் ஜிப்பையோ விரல்களால் பிடிக்க முடியாது. அடுத்து, சமதரையில் கால் தடுக்கும், பேச்சு குழறும். வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவர் வாய் திறக்க மாட்டார், கேட்டால் எரிந்து விழுவார். 32 டிகிரியை நெருங்கும்போது நடுக்கம் நின்றுவிடும். பாதிக்கப்பட்டவர் தன் நிலையைத் தானே உணர முடியாத கட்டம் இதுதான். “குளிர் விட்டுப்போச்சு, நான் இங்கேயே கொஞ்சம் உட்கார்றேன்” என்று அவர் சொன்னால் கூட இருப்பவர்கள் நிம்மதி அடையக் கூடாது. உடனே செயல்பட வேண்டும்.

நம் மலைகளில் இது எங்கே தொடங்கும் என்று யோசித்துப் பார்த்தால், எனக்குக் கொல்லிமலை ஆகாயகங்கைப் படிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரம் படிகளுக்கு மேல் கீழே இறங்கி, அருவியில் தலை நனைத்து, அதே படிகளில் மேலே ஏற வேண்டும். ஏறும்போது வேர்த்துக் கொட்டும், குளிரே தெரியாது. பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் வேர்வையும் மழையும் சேர்ந்து உள்ளாடை வரை ஊறியிருக்கும். மேலே வந்து களைத்து உட்கார்ந்தவுடன் உடலின் வெப்ப உற்பத்தி கால்வாசியாகச் சரியும். வெப்ப இழப்பு அப்படியே இருக்கும். பின்னால் வருபவர்களுக்காக அரை மணி நேரம் காற்றில் காத்திருப்பதுதான் குழுவில் முன்னால் வந்துவிட்டவர்களுக்கு ஆபத்து. ஒல்லியானவர்களும் சிறுவர்களும் இன்னும் வேகமாகக் குளிர்வார்கள். அவர்கள் உடலில் எடையை ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம்.

குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல குழுக்களில் இருக்கிறது. இதை நான் வெளிப்படையாகவே கண்டிக்கிறேன். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளைக் காக்க உடல் உள்ளே பதுக்கிய சூடான இரத்தம் தோலுக்கு வந்து குளிர்கிறது. முகம் கதகதப்பாகத் தோன்றும் அந்த நேரத்தில் உள்வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும். நடுக்கத்தையும் அது மட்டுப்படுத்துகிறது. யோசிக்கும் திறனையும் கெடுக்கிறது. குளிரில் உடலுக்கு வேண்டியது சர்க்கரை. நடுக்கம் என்பது தசைகள் செய்யும் கடும் வேலை. சேமிப்பு தீர்ந்தால் நடுங்கக்கூட முடியாது. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, வாழைப்பழம் இவற்றைப் பசி எடுக்கும் முன்பே, நடந்துகொண்டே, மணிக்கொரு முறை தின்ன வேண்டும்.

ஒருவர் தடுமாறத் தொடங்கிவிட்டால் முதல் வேலை காற்றிலிருந்து அவரை மறைப்பது. பிறகு ஈரத் துணி முழுவதையும் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, தலையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். ஈரத் தரை வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அவருக்கு அடியில் பைகளையோ பாலித்தீன் விரிப்பையோ போடுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் இளஞ்சூடான, இனிப்புக் கூடிய தேநீர் கொடுக்கலாம். கைகால்களைச் சூடுபறக்கத் தேய்ப்பதும், நெருப்புக்குப் பக்கத்தில் கிடத்துவதும் கூடாது. நினைவு மங்கியவரின் இதயம் சிறு அதிர்ச்சியில்கூடத் தாளம் தவறலாம். அவரை அசைக்காமல் மெதுவாகக் கையாண்டு, 108-ஐ அழைக்க வேண்டும்.

குளிரைத் தவிர மலை மழையில் வேறு ஆபத்துகளும் இருக்கின்றன. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் கடினமான சார்னோக்கைட் பாறை. அதன் மேலே காலங்காலமாக உதிர்ந்து சிவந்த மண் போர்வை. மழை அந்த மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கு மேல் தேங்கி, மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய இடங்கள் முதலில் சரிகின்றன. மழை நின்ற பிறகும் சரிவு வரலாம், ஏனென்றால் உள்ளே போன நீர் உடனே வெளியேறிவிடுவதில்லை. ஃபெஞ்சல் மழையில் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்ததை நாம் பார்த்தோம்.

ஓடைகளும் அப்படித்தான். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்; மலைமேல் பெய்த மழை ஒரு மணி நேரத்துக்குள் கீழே வந்து சேரும். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் குளிப்பவர்கள் உச்சியின் மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தண்ணீரில் நிற்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். காலையில் கணுக்கால் அளவு தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு இருந்தால் இந்தப் பக்கமே இரவைக் கழிக்கலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் மேகம் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. மொட்டை முகட்டையும் ஒற்றை மரத்தையும் விட்டு இறங்கிவிட வேண்டும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறிகளைப் பலிகொண்ட பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளோடு நாற்பது பாதைகள் திறக்கப்பட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி தவறு என்பதோடு, சிக்கிக்கொண்டால் தேடி வரக்கூட யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. நம் மலைகளிலேயே வாழ்பவர்கள் மழைநாளில் தேவையில்லாமல் வெளியே இறங்குவதில்லை. அவர்கள் “இன்னைக்குப் போக வேண்டாம்” என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு வானிலை அறிக்கை தேவையில்லை.

என் கருத்தில், வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே குழு பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் முகடுகளைத் தவிர்த்து, பேருந்துச் சாலையை விட்டு ஒரு மணி நடைக்கு மேல் விலகாத வழியில் போகலாம். எந்த நாளானாலும், பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது. வேகமாக நடப்பவரைக் கடைசியில் விடுங்கள். குழுவில் இருவர் இருவராக ஒருவரை ஒருவர் கவனிக்கச் சொல்லுங்கள். வரும் கார்த்திகையில் புறப்படும்போது, ஒவ்வொருவரின் பையிலும் இறுகக் கட்டிய பாலித்தீன் உறைக்குள் ஓர் உலர்ந்த கம்பளிச் சட்டையும் தலைக்குல்லாயும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். இல்லாதவரை வண்டியில் ஏற்றாதீர்கள்; அல்லது அவருக்கும் சேர்த்து நீங்களே ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.